நாலு நாட்டுச் சைக்கிள் கம்பெனி

அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியச் சித்த மூடி வைங்க தம்பி. இந்தப் பல்லடம் ரோட்டுல பஸ்ஸு குலுக்கற குலுக்குக்கு அதுல என்னத்தப் படிக்க முடியும்? கண்ணுதான் கெடும். மூடிட்டீங்களா? நல்லது. நானும் அதை முன்னால வெச்சுட்டுச் சீரழிஞ்சவன்தானுங்க. நாலு நாட்டு ஆளுங்க சேந்து ஒரு கம்பெனி நடத்தினோம். இல்லாத கம்பெனி. செய்யாத சைக்கிள். வாங்காத ஜனம். கேட்டாச் சிரிப்பீங்க. சிரிங்க, தப்பில்ல.

எம்பேரு தெய்வசிகாமணிங்க. கோயமுத்தூர்ல பம்ப்செட்டு மோட்டாரு பண்ற கம்பெனியில புரொடக்‌ஷன் மேனேஜர். மொதலாளி, பெரியவர், பொறுப்புல இருந்த வரைக்கும் ஷெட்டுக்குள்ள நான் வெச்சதுதான் சட்டம். நான் உள்ள நடந்து வந்தன்னா ஆளுங்க பேச்சு நின்னு மெஷின் சத்தம் மட்டுந்தான் கேக்கும். மரியாதைன்னா அதுதானுங்களே?

இப்பப் பெரியவர் ஊட்டோட இருக்கறாரு. மக ரேணுகா மேடம் சேர்ல உக்காந்திருக்குது. வெளிநாட்டுப் படிப்பு. ஒரு நா மீட்டிங்கப் போட்டு, "நைரோபில ஒரு கம்பெனியோட கூட்டுச் சேர்றோம். மோட்டார அங்கயே வெச்சு அசெம்பிள் பண்ணப் போறோம். அதைப் பாத்துக்க இங்கிருந்து ஒருத்தர் போகணும்"னுச்சு. ஒருத்தர்னா யாருங்க? எனக்குத் தெரியாதா? அன்னிக்குப் பொழுதோடவே கரூர் சம்பந்திக்குப் போனப் போட்டுச் சொல்லிட்டேன், நான் ஆப்பிரிக்கா போறேன்னு. அவரு ஒரம்பரை, சொந்தபந்தம் பூராச் சொல்லிட்டாரு. இப்பக்கூட அவுங்க ஊட்டு விசேசத்துக்குத்தான் போறேன். போன ஒடனே எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. கேக்கட்டும், கேக்கட்டும். சொல்றதுக்கு எனக்கென்ன பயமா?

அடுத்த வாரம் மேடம் என்னைக் கூப்புட்டு, "சார், அங்க போறதுக்கு முன்னால ஒரு கோர்ஸ் இருக்குது. வேற வேற நாட்டு ஆளுங்க நேர்ல பாக்காமயே ஒண்ணாச் சேந்து வேலை பண்ணக் கத்துக்கறது. ஒரு விளையாட்டு மூலமாச் சொல்லித் தராங்க"ன்னுச்சு.

"வெளையாட்டுங்களா மேடம்? நான் பேரனோடகூட வெளையாடறதில்லீங்க"ன்னேன்.

"நீங்களும் போங்க, குவாலிட்டில இருக்கற கோகிலவாணியும் போகட்டும். வேற வேற டீம்"னுச்சு.

கோகிலவாணி யாருன்னு கேளுங்க. நேத்து வந்த புள்ள. ஷெட்டுக்குள்ள வந்தா ஹெல்ப்பர்கிட்டப் போயி "நீங்க என்ன நெனைக்கறீங்கண்ணா?"ன்னு கேக்கும். ஹெல்ப்பர் என்னங்க நெனைப்பான்? எப்ப மணி அடிக்கும்னு நெனைப்பான்.

சரி, ஆட்டத்துக்கு வர்றேன். ஒரு டீமுக்கு நாலு பேரு. நாலு பேருஞ்சேந்து ஒரு சைக்கிள் கம்பெனி நடத்தணும். எத்தனை சைக்கிள் பண்றது, என்ன மாடலு, என்ன வெலை, எங்க விக்கறதுன்னு முடிவு பண்ணிக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பட்டன அமுக்கணும். அமுக்கினா ஒரு வருசம் ஓடினதாக் கணக்கு. ஜனம் வாங்குச்சா இல்லியான்னு அதுவே சொல்லிப் போடும். இப்புடி வாரத்துக்கு ஒரு வருசம். நம்மள மாதிரி இன்னும் பல டீமு. யாரு முந்தறாங்கன்னு போட்டி. இதுக்கு ஒரு வாத்தியாரு, அவரு ஸ்கிரீன்ல ஓரமா ஒரு கட்டத்துல உக்காந்து தலைய மட்டும் ஆட்டிட்டிருப்பாரு.

என் டீமப் பாருங்க. போலந்துல இருந்து அக்னியெஷ்கான்னு ஒரு பொம்பள. அந்தப் பேர நான் எங்க சொல்றது, அக்னின்னுதான் கூப்புடுவேன். பேருக்கேத்த மூஞ்சி. வரவு செலவு அதோட பொறுப்பு. சிலியில இருந்து ரொசாரியோ. நம்மூர்ல ரொசாரியோன்னா ஆம்பளப் பேருதானுங்களே, நானும் மொத மெயிலு "டியர் மிஸ்டர்"னு போட்டுட்டேன். பாத்தாச் சின்னப் பொண்ணு, மடியில ஒரு கொழந்த. சாமான் வாங்கற வேலை அதுக்கு. மூணாவது ஆளு ஒட்டியேனோ. கென்யா. விக்கறது அவன் வேலை. நம்ம ஷெட்டுல நான் அவன ஒட்டியானம்னுதான் சொல்லுவேன், பசங்க சிரிப்பானுங்க.

இந்த ஒட்டியானம் வேற யாருமில்லீங்க, நாங்க கூட்டுச் சேர்றமே, அந்த நைரோபிக் கம்பெனியோட ஆளு. மேடந்தான் வேணும்னே சேத்து விட்டிருக்குது, முன்னமே பழகட்டும்னு. நானும் சரின்னு நெனைச்சுட்டேன். நாளைக்கு அங்க போயி நான் வேலை வாங்க வேண்டிய ஆளு. யாரு மேனேஜர்னு இப்பவே தெரிஞ்சுக்கட்டும்னு.

எனக்குப் பொழுது சாயற நேரம், அந்த சிலிக்காரிக்குக் காலங்காத்தால. மொத நாளு பூரா என்ன பண்ணுனாங்கங்கறீங்க? பேசுனாங்க. உங்கூர்ல மழையா, எங்கூர்ல பனி. கொழந்த பேரு என்ன, பல்லு மொளைச்சிருச்சா. ஒட்டியானம் என்னைப் பாத்து, "மிஸ்டர் தெய்வா, உங்களுக்கு எத்தனை பசங்க?"ங்கறான். நான் சொன்னேன், "சைக்கிள் கம்பெனிக்கு எம்பசங்க எதுக்கு? வேலையப் பாக்கலாமா?"ன்னேன். அடுத்ததா, முடிவு எடுக்கறது எப்புடின்னு நமக்குள்ள ஒரு ஒப்பந்தம் பேசிக்கணுமாம். "ஒப்பந்தம் என்னத்துக்கு? இதுல ஃபேக்டரி பாத்தவன் நான் ஒருத்தந்தான். நான் சொல்றேன், நீங்க செய்யுங்க"ன்னு நேரத்த மிச்சம் பண்ணிக் குடுத்தேன். ஒரு நன்றி? ஒருத்தர் வாயில வரலீங்க.

மொத வருசம் நானே நம்பரெல்லாம் போட்டுப் பட்டன அமுக்கிட்டேன். ஒரே மாடலு, ரேஸ் சைக்கிளு, ஏகப்பட்டது. ஒரே மாடல அடிச்சுத் தள்ளுனாத்தானுங்க அடக்க வெலை கொறையும், இது சின்னக் கொழந்தைக்குத் தெரியும். முடிவு வந்துச்சு. குடோன் நெறைய சைக்கிளு. வாங்க ஆளில்ல. டீமுலயெல்லாம் நாங்கதான் கடேசி.

"விக்கற வேலை யாரோடது?"ன்னு ஒட்டியானத்தப் புடிச்சேன்.

அவன் மெதுவாத்தான் பேசுவான். "மிஸ்டர் தெய்வா, நம்ம ஏரியாவுல ஜனம் கேக்கறது சாமான் கட்டற சைக்கிளு. மூட்டை வெக்கற மாதிரி. நான் சாட்ல எழுதியிருந்தேனே."

"சாட்ல எழுதுனா? வாயில சொல்லணும்"னேன்.

"சொல்ல வந்தேன். நீங்க பேசிட்டிருந்தீங்க"ங்கறான். எப்புடி இருக்குது பாருங்க சாக்கு!

அடுத்த வாரம் நான் பேசறேன், ஒருத்தரும் மறு பேச்சுப் பேசல. அட, வழிக்கு வந்துட்டாங்கன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு. பேசி முடிச்சுப் பட்டன அமுக்கப் போனா, அது அமுங்கவே மாட்டேங்குது. ஏற்கனவே அமுக்கியாச்சுங்குது! "என்ன இது?"ன்னா அக்னி சொல்லுது, "நாங்க நேத்தே பேசினோம். உங்களுக்கும் அழைப்பு அனுப்பினோம். நீங்க தெறக்கல." பேசறப்ப அதோட மூஞ்சில ஒரு சிரிப்பில்ல, ஒண்ணில்ல. ஆயிரம் மெயிலு வருது, எதைத் தெறக்கறது? அந்த வருசம் கொஞ்சம் மேல வந்தோம். அது குருட்டு அதிர்ஷ்டம்.

ஊட்டுல சாப்பாட்டு டேபிள்லதான் வெச்சுப் பேசுவேன். ஊட்டுக்காரி அடுப்படியில இருந்து கேட்டுட்டே இருப்பா. அன்னிக்கு நான் கத்தி முடிச்சு மூடி வெச்சதும் தட்டக் கொண்டாந்து வெச்சுப் போட்டு, "ஏனுங்க, அந்தப் பொம்பளைங்ககிட்டயும் எங்கிட்டப் பேசற மாதிரியேதான் பேசறீங்க"ன்னா. அவளுக்கு இங்கிலீசு தெரியாது, ஆனாப் புரிஞ்சிருக்குது பாருங்க. வெளிநாட்டுக்காரின்னு பிரிச்சுப் பாக்காம ஊட்டு மனுசி மாதிரி நெனைச்சுப் பேசறேங்கறா. எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு. அவ பெருமையாச் சொன்னாளான்னு தெரியல. சோத்தப் போட்டுட்டுப் போய்ட்டா.

மூணாவது வாரம் ஒரு கூத்து நடந்துச்சுங்க. அக்னி என்னைப் பாத்து, "தெய்வா, ஒரு வெசயம் எங்களுக்குத் தெரியல, நீங்கதான் சொல்லணும். ஒரே லைன்ல ரேஸ் சைக்கிளும் பண்ணி, சாமான் சைக்கிளும் பண்ணணும்னா, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தறப்ப நிக்கற நேரத்த எப்புடிக் கொறைக்கறது?"ன்னு கேட்டுச்சு.

கேட்டாப் பாருங்க ஒரு கேள்வி! அதுதாங்க என் தொழிலு. சொன்னேன். ஓடற மெஷின நிறுத்திப் போட்டு அப்பறம் அச்சு எங்கன்னு தேடக் கூடாது. மொத மாடலு ஓடிட்டிருக்கறப்பவே அடுத்ததுக்கு வேண்டிய அச்சு, ஸ்பேனரு, போல்ட்டு எல்லாத்தையும் வண்டியில அடுக்கிப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்திடணும். போல்ட்டு ஒரே சைசா இருந்தா ஒரே ஸ்பேனர் போதும். பெரியவர் காலத்துல பாதி நா நின்ன லைன, ஒரு டீ குடிக்கற நேரத்துல மாத்திக் காட்டியிருக்கறேன். டேபிள் மேல இருந்த உப்பு டப்பா, ஊறுகா டப்பா, டம்ளரு, எல்லாத்தையும் எடுத்து அடுக்கிக் காமிச்சேன். அந்த ரொசாரியோ கொழந்தையத் தோள்ல போட்டுட்டு எழுதிட்டே இருந்துச்சு. ஒட்டியானம் இடையில இடையில கேட்டான், நல்ல கேள்வியாத்தான் கேட்டான். அன்னிக்கு யாரும் மழை பனின்னு பேசல. அக்னி சிரிச்சுது. பல்லுக்கு நடுவுல சந்து. அன்னிக்குத்தான் பாத்தேன்.

அது... அது ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சுங்க.

அந்த வருசம் நாங்க ரெண்டாவது எடத்துக்கு வந்தோம். யாரால? நீங்களே சொல்லுங்க. அதுகளும் ஏதோ வெலை கிலை பாத்துப் போட்டாங்க, இல்லேங்கல. ஆனா யாரால?

அப்ப நானே பாத்துட்டா மொத எடந்தான்னு ஆயிப்போச்சுல்ல? நாலாவது வாரம் எல்லாரும் பேசி வெச்சிருந்தாங்க, நாலு பேரும் சரின்னாத்தான் பட்டன அமுக்கறதுன்னு. அன்னிக்கு ரொசாரியோ வரல. கொழந்தைக்குக் காய்ச்சலு, ஆசுபத்திரில இருக்கறேன், மத்தியானம் வந்தர்றேன், எனக்காகக் காத்திருங்கன்னு சேதி. ஒட்டியானம், "இருப்போம், நேரம் இருக்குது"ன்னான். அக்னியும் சரின்னு போயிருச்சு. நான் தனியா உக்காந்து பாத்தேன். சாமான் சைக்கிளு சூடா விக்குது. எல்லாம் நல்லாப் போறப்ப ஒரு கொழந்தைக் காய்ச்சலுக்கு ஃபேக்டரி நிக்குமுங்களா? எங்கப்பன் செத்த அன்னிக்கே நான் மத்தியான ஷிப்ட்டப் பாத்துட்டுத்தான் போனேன். உற்பத்திய ரெண்டு மடங்காப் போட்டு அமுக்கிட்டேன்.

மறு நா பாத்தா அலுமினியம் வெலை தாறுமாறா ஏறிப் போயிருக்குது. ஆட்டத்துலதான். அந்தச் சேதி மொதல்ல சாமான் வாங்கறவங்களுக்குத்தான் வருமாம். ரொசாரியோவுக்கு வந்திருக்குது. அதைச் சொல்லத்தான் காத்திருக்கச் சொல்லியிருக்குது. எனக்கென்னங்க ஜோசியமா தெரியும்? கம்பெனி படுத்துருச்சு. திரும்பவும் கடேசி.

அன்னிக்கு மீட்டிங்ல ஒரே ரகளை. "ஏன் கேக்கல?"ங்குது அக்னி.

"என் ஃபேக்டரியில நான் யாரையுங் கேக்கறதில்ல"ன்னேன்.

ஒட்டியானம் கேமராவையே பாத்துட்டிருந்தான். "தெரியுது. அதைத்தான் நான் பாத்துட்டே இருக்கறேன்"னான்.

பொண்ணுன்னா, கொழந்தையப் பாக்கறதா கம்பெனியப் பாக்கறதான்னு முடிவு பண்ணிக்கணும், எங்க ஷெட்டுலயா இருந்தா... அப்புடின்னு நான் ஆரம்பிச்சன் பாருங்க. அந்த ரொசாரியோ, ராத்திரியெல்லாம் தூங்காம கண்ணு செவந்து கெடக்குது, எந்திரிச்சு நின்னுருச்சு. ஸ்கிரீன்ல தலை தெரியல, வயிறுதான் தெரியுது. "வாய மூடுங்க சார்!"னு ஒரு கத்து. கொழந்த வேற அழுவுது. அக்கட்டால அடுப்படியில ஊட்டுக்காரி பாத்தரத்தக் கழுவிட்டிருந்தவ, தண்ணி வர்ற சத்தம் நின்னு போச்சு.

நான் மூடிட்டேன். பொம்பளகூட என்ன சண்டை.

மிச்ச ரெண்டு வாரமும் அதுகளே முடிவு பண்ணி அமுக்கிட்டாங்க. கடேசில நடுவாந்தரத்துல வந்து நின்னோம். என் கைய விட்டுப் போனதால நடுவுல நின்னுச்சு, இல்லாட்டி மொதலுதான்.

முடிக்கற அன்னிக்கு வாத்தியாரு கட்டத்துக்குள்ள இருந்து வாயத் தொறந்தாரு. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் என்ன கத்துக்கிட்டீங்கன்னு சொல்லணுமாம். ரொசாரியோ சொல்லுது, "எங்கப்பா வயசு ஆளுகிட்ட நான் இதுவரைக்கும் எதுத்துப் பேசினதே இல்ல. அதைத் தெய்வாகிட்டத்தான் கத்துக்கிட்டேன்." பாத்தீங்களா? தைரியம் குடுத்திருக்கறேன் அந்தப் புள்ளைக்கு. அக்னி என்ன சொல்லுச்சுன்னா, "லைன் மாத்தறதப் பத்திப் பேசினாரே, அன்னிக்கு வந்த மனுசன எனக்கு நெம்பப் புடிச்சுது. அவரு மறுபடியும் வருவாருன்னு ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன்"னுச்சு. எந்த மனுசன்? நான்தானுங்க ஒவ்வொரு வாரமும் வந்தேன்! ஒரு நா கூட லீவு போடலையே. இவங்க பேசற இங்கிலீசே அப்புடித்தான், தலையும் புரியாது காலும் புரியாது.

நான் என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. "நான் கத்துக்க வரல"ன்னேன்.

அப்பறம் மேடம் கூப்புட்டுச்சு. நைரோபிக்கு கோகிலவாணியாம்! அந்தப் புள்ளையோட டீமும் ஒண்ணும் ஜெயிக்கலீங்க, மூணாவது. "என்ன மேடம் இது?"ன்னேன். மேடம் என்னை உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்துச்சு. "சார், நான் ஒட்டியேனோகிட்ட உங்களப் பத்திக் கேட்டேன். அவருக்குத் தொழிலு நல்லாத் தெரியும், எங்களத்தான் தெரியாதுன்னு சொன்னாரு"ன்னுச்சு.

கவனிச்சீங்களா தம்பி? தொழிலு தெரியும்னு அவனே ஒத்துக்கிட்டான். தொழிலு தெரிஞ்சவன ஊட்டுல உக்கார வெச்சுப் போட்டு, நாலு பேருகிட்ட நலம் விசாரிக்கறவள அனுப்பறாங்க. இதுதான் இன்னிக்கு ஒலகம்.

போன வாரம் அந்த ஒட்டியானமே இங்க வந்தான். ஷெட்டப் பாக்க. ஆளு நெட்டையா இருப்பான்னு நெனைச்சிருந்தேன், என் தோளுக்குத்தான் இருக்கறான். தலைய மட்டும் பாத்தா எப்புடித் தெரியும்? இருந்த ரெண்டு நாளும் கோகிலவாணி பின்னாலயே சுத்தினான். ஹெல்ப்பர் பசங்களோட உக்காந்து கைல சோறு திங்கறான். ஊருக்குப் போற அன்னிக்கு, ஏர்ப்போர்ட்டுக்கு என்னைக் கொண்டுபோயி விடச் சொல்லிருச்சு மேடம். டிரைவர் வேலை! வண்டிய நானே ஓட்டிட்டுப் போனேன். வழி பூரா சிட்ரா ஸ்டாப்புல ஃப்ளைஓவர் கட்டினது தப்புன்னும், எப்புடிக் கட்டியிருக்கணும்னும் அவனுக்கு வெளக்கிச் சொன்னேன். கேட்டுட்டே வந்தான்.

எறங்கிப் பொட்டிய எடுத்துட்டு உள்ள போறவன், திரும்பி வந்து என் கையப் புடிச்சான். "தெய்வா, அத்தனை வாரம் ஒண்ணா வேலை பாத்தோம். நீங்க எங்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல. போறதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க. எதுன்னாலும்"னான்.

கைய விட மாட்டேங்கறான். பின்னால ஆளுங்க டிராலியத் தள்ளிட்டு வர்றாங்க. செக்யூரிட்டிக்காரன் வேற மொறைக்கறான். நானும் யோசிக்கறேன், யோசிக்கறேன். ஒண்ணுமே வரலீங்க தம்பி. இத்தனை வருசம் ஒரு ஷெட்டு ஆளுங்களக் கட்டி மேய்ச்சவன், கேக்கறதுக்கு ஒரு கேள்வி வரல. அவன் மூஞ்சியப் பாத்துட்டே நிக்கறேன். புருவத்துல ஒரு தழும்பு.

கடேசில, "பொட்டி எத்தனை கிலோ?"ன்னு கேட்டேன்.

அவன் சிரிச்சான் பாருங்க, அப்புடி ஒரு சிரிப்பு. கிலோவச் சொன்னான். என் தோள்ல ஒரு தட்டுத் தட்டிட்டு உள்ள போயிட்டான். நல்ல கேள்விதானுங்க அது? எடை ஏறினா ஏர்ப்போர்ட்டுல உடமாட்டாங்கல்ல? அதுல சிரிக்க என்ன இருக்குது? வண்டியில உக்காந்து நெம்ப நேரம் யோசிச்சேன். எடுத்துட்டு வர மனசே வரல. அப்பறம் பார்க்கிங்காரன் வந்து கண்ணாடியத் தட்டினான்.

அடுத்த பேட்ச்சுக்கும் என்னையே போகச் சொல்லியிருக்குது மேடம். அதே கோர்ஸு, வேற நாட்டு ஆளுங்க. அனுபவமுள்ள ஆளு ஒருத்தர் வேணும்ல, அதுக்குத்தான்.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? காங்கயம் இப்பத்தான வருது, கரூருக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க? ஓ, பின்னால சீட்டு காலியா இருக்குதா. போங்க, போங்க. ஏறினதுல இருந்து நீங்க ஒரு வார்த்தை பேசலையே. இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாலு வார்த்தை பேசத் தெரியறதில்லீங்க, அந்தப் பொட்டியப் பாத்தே எல்லாம் கெட்டுப் போச்சு.

வாங்கம்மா, உக்காருங்க, எடம் இருக்குது. பையக் குடுங்க, மேல வெக்கறேன். நீங்க எங்கீங்க போறீங்க? சரி, அது கெடக்குது. நான் நாலு நாட்டு ஆளுங்களோட சைக்கிள் கம்பெனி நடத்தினவனுங்க.